வெயிலில் போட்டோ அச்சிடுவது: தருமபுரி, கிருஷ்ணகிரி வாசகர்களின் கேள்விகள்

காகிதத்தில் நாமே மருந்து பூசி, நெகட்டிவை மேலே வைத்து, வெயிலில் காட்டிப் போட்டோ அச்சிடும் பழைய முறைகளைப் பற்றிச் சென்ற மாதம் ஒரு சின்னக் குறிப்பு எழுதியிருந்தேன். அதற்கு வந்த கடிதங்களில் பாதிக்கு மேல் தருமபுரி, கிருஷ்ணகிரி பக்கத்தவை. இந்த வேலையில் ஊர்த் தண்ணீரும் ஊர் வெயிலும் நேரடியாகப் படத்தில் தெரியும், அதனால் ஒரு பகுதி ஆட்களுக்குச் சேர்த்துப் பதில் சொல்வதே நல்லது. இந்த மாதம் முழுப் பகுதியும் அவர்களுக்குத்தான்.

கேள்வி: கல்யாண போட்டோ எடுக்கிறேன். அப்பா காலத்து டார்க் ரூம் பூட்டியே கிடக்கிறது, உள்ளே என்லார்ஜர், டிரே எல்லாம் அப்படியே இருக்கின்றன. சயனோடைப், சால்ட் பிரிண்ட், வான்டைக், பிளாட்டினம் என்று ஏகப்பட்ட பெயர்கள் கேள்விப்படுகிறேன். எதில் தொடங்குவது, சார்? என்லார்ஜர் உதவுமா? (வாசகர், பாலக்கோடு)

நீல நிறத்தில் படம் வரும் சயனோடைப்பில் தொடங்குங்கள். தொடங்கியதும் அடுத்த முறைக்குத் தாவாமல் கொஞ்ச காலம் அதிலேயே இருங்கள். மற்ற எல்லா முறைகளுக்கும் வேண்டிய கைப்பழக்கம், அதாவது சீராகப் பூசுவது, காகிதத்தை அறிவது, நெகட்டிவின் அடர்த்தியைக் கணிப்பது, கழுவுவது, இவை எல்லாமே இதில் வந்துவிடும். அதுவும் வெள்ளி, பிளாட்டினம் என்று பணத்தைக் கரைக்காமல் வரும். பிளாட்டினத்தில் ஒரு தாள் வீணானால் வயிறு எரியும், சயனோடைப்பில் ஒரு தாள் வீணானால் இன்னொரு தாள் எடுத்துப் பூசலாம்.

இங்கிலாந்தின் ஜான் ஹெர்ஷல் 1842ல் கண்டுபிடித்த முறை இது. மறு ஆண்டே தாவரவியலாளர் அன்னா அட்கின்ஸ் கடற்பாசிகளை இந்த நீலத்தில் அச்சிட்டுப் புத்தகமாக வெளியிடத் தொடங்கினார். மருந்து இரண்டே இரண்டு. ஃபெரிக் அம்மோனியம் சிட்ரேட், பச்சை வகை, 25 கிராமை 100 மி.லி. தண்ணீரில் கரைத்து ஒரு பாட்டிலில் வையுங்கள். பொட்டாசியம் ஃபெரிசயனைடு 10 கிராமை 100 மி.லி. தண்ணீரில் கரைத்து இன்னொரு பாட்டிலில் வையுங்கள். இரண்டும் பழுப்பு நிற பாட்டிலாக இருக்கட்டும், தண்ணீர் டிஸ்டில்டு வாட்டராக இருக்கட்டும். பூசும்போது மட்டும் சம அளவு எடுத்துக் கலக்க வேண்டும், ஏ4 அளவுத் தாளுக்கு மொத்தம் 3, 4 மி.லி. போதும். முதல் பாட்டிலில் சில நாளில் பூஞ்சை மிதக்கும், பயப்படாமல் வடிகட்டிப் பயன்படுத்துங்கள்.

வெயிலில் உள்ள புற ஊதாக் கதிர் பட்ட இடத்தில் இரும்பு உப்பு மாறி, ஃபெரிசயனைடுடன் சேர்ந்து நீலமாகிவிடும். படாத இடத்து மருந்து தண்ணீரில் கரைந்து போய்விடும். இந்த மருந்துக்குச் சாதாரண வெளிச்சம் அவ்வளவாக உறைக்காது. அதனால் கும்மிருட்டு தேவையில்லை, ஒரு சின்ன மஞ்சள் எல்இடி பல்பு எரியலாம், டியூப் லைட்டையும் ஜன்னல் வெளிச்சத்தையும் மட்டும் தவிர்த்தால் சரி. இதே காரணத்தால்தான் சின்ன நெகட்டிவைப் பெரிதாக்கி அச்சிடும் உங்கள் என்லார்ஜரும் இதற்கு ஆகாது, அதிலுள்ள பல்பில் வேண்டிய அளவு புற ஊதா கிடையாது. படம் எவ்வளவு பெரிதோ அவ்வளவு பெரிய நெகட்டிவ் வேண்டும், அதைத் தாளின் மேலேயே ஒட்டினாற்போல் வைத்துத்தான் அச்சிட வேண்டும். ஆனால் அந்த அறை பொன்னான அறை, விட்டுவிடாதீர்கள். டிரே, தொட்டி, தண்ணீர்க் குழாய், பிரிண்ட் காயப்போடும் கயிறு எல்லாம் தயாராக இருக்கிற இடம் எத்தனை பேருக்குக் கிடைக்கும்?

பிரஷ் வாங்கும்போது இரும்புப் பட்டை போட்டதை வாங்காதீர்கள், துரு பட்ட இடமெல்லாம் நீலப் புள்ளி விழும். தாள் பருத்திக் கூழில் செய்த கனமான வாட்டர்கலர் தாள், இல்லையென்றால் புதுச்சேரியில் ஆசிரமத்தார் செய்கிற கைவினைக் காகிதம் போன்றது. பூசும்போது தாளுக்கு அடியில் மட்டமான பலகை வேண்டும். உங்கள் பக்கத்தில் கிரானைட் பட்டறைகளில் வெட்டி மிஞ்சிய துண்டு சுலபமாகக் கிடைக்கும், அதைவிடச் சமதளமான மேசை கடையில் தேடினாலும் வராது. நெகட்டிவையும் தாளையும் அழுத்திப் பிடிக்கும் கண்ணாடிச் சட்டத்துக்கும் செலவு செய்ய வேண்டாம். 4 மி.மீ. ஜன்னல் கண்ணாடி, அதே அளவில் பிளைவுட், ஓரத்தில் நாலு கிளிப். பிளைவுட்டை மட்டும் இரண்டாக அறுத்து நடுவில் கீல் வைத்துக்கொண்டால், ஒரு பாதியை இறுக்கிப் பிடித்தபடியே மறு பாதியைத் திறந்து படம் எவ்வளவு ஏறியிருக்கிறது என்று பார்க்கலாம், நெகட்டிவ் நகராது.

பகல் 11 மணியிலிருந்து 2 மணிக்குள், உங்கள் ஊர் வெயிலில் 5 நிமிடத்திலிருந்து 15 நிமிடம் ஆகும். மஞ்சள் கலந்த பச்சையாக இருந்த தாள் முதலில் நீலமாகும், அப்புறம் கருமையான இடங்கள் சாம்பல் பூத்ததுபோல வெளிறித் தெரியும். அந்தச் சாம்பல் வந்த பிறகுதான் எடுக்க வேண்டும். பார்க்க அழகாக இருக்கிறதே என்று முன்னாலேயே எடுத்தால் கழுவும்போது பாதிப் படம் தண்ணீரோடு போய்விடும்.

கேள்வி: ஒரு மாதமாகச் சயனோடைப் செய்கிறேன். வெயிலிலிருந்து எடுக்கும்போது படம் நன்றாக இருக்கிறது, கழுவக் கழுவ நீலம் வெளுத்துக்கொண்டே போகிறது, காய்ந்ததும் சோகையாகத் தெரிகிறது. மருந்து போலியா? வீட்டில் போர்வெல் தண்ணீர்தான். புளித் தண்ணீரில் கழுவலாம் என்று ஒருவர் சொன்னார், சரியா? (வாசகி, பென்னாகரம்)

மருந்தைச் சந்தேகிக்கும் முன் தண்ணீரைச் சந்தேகியுங்கள். இந்த ஒரு கேள்வியையே வேறு வேறு வார்த்தைகளில் ஏழெட்டுப் பேர் கேட்டிருக்கிறார்கள், எல்லோரும் உங்கள் மாவட்டக்காரர்கள்தான்.

சயனோடைப்பின் நீலத்துக்கு முதல் எதிரி காரம். அமிலம் அதை ஒன்றும் செய்யாது, காரம் பட்டால் அந்த நீலச் சேர்மம் உடைந்து வெளிர் மஞ்சளாகிவிடும். தருமபுரி, கிருஷ்ணகிரி பக்கம் பாறைக்கு அடியிலிருந்து வருகிற ஆழ்துளைக் கிணற்றுத் தண்ணீர் பல இடங்களில் உப்பும் காரமுமாக இருக்கிறது. அதிலுள்ள ஃப்ளோரைடால் பல்லும் எலும்பும் கெட்டதால்தான் ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டமே வந்தது, உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. படத்தைக் கெடுப்பது அந்த ஃப்ளோரைடு இல்லை, கூடவே கரைந்திருக்கும் பைகார்பனேட்டும் கார்பனேட்டும்தான். குடத்தின் உள்பக்கம் வெள்ளையாகப் படிகிறதே, அந்தச் சமாச்சாரம்.

ஆனாலும் ஊகத்தில் முடிவு செய்ய வேண்டாம், வெளிச்சம் போதாமல் போனாலும் படம் வெளுக்கும். இரண்டுக்கும் வித்தியாசம் இருக்கிறது. வெளிச்சம் போதவில்லை என்றால் தண்ணீரில் போட்ட முதல் ஓரிரு நிமிடத்திலேயே நீலம் மேகம் மாதிரி கலங்கி வெளியேறும், தண்ணீரே நீலமாகும். காரம் என்றால் முதலில் ஒன்றும் தெரியாது. கால் மணி, அரை மணி என்று ஊற ஊற மெதுவாக, முதலில் வெளிர்ந்த இடங்களில், நீலம் கரைவது தெரியாமல் மறையும். நிச்சயமாகத் தெரிந்துகொள்ள ஒரு பிரிண்டை வெயிலில் காட்டி முடித்ததும் குறுக்கே வெட்டி, ஒரு பாதியை கேன் தண்ணீரிலும் மறு பாதியை போர்வெல் தண்ணீரிலும் ஒரே நேரம் ஊறப் போடுங்கள். இரண்டையும் காயவைத்துப் பக்கத்தில் பக்கத்தில் வைத்தால் பதில் கையில் இருக்கும்.

தண்ணீர்தான் காரணம் என்றால் வைத்தியம் எளிது. மளிகைக் கடையில் எலுமிச்சை உப்பு என்று தரும் சிட்ரிக் ஆசிட், ஒரு லிட்டர் தண்ணீருக்கு 10 கிராம். வெயிலிலிருந்து எடுத்த தாளை முதலில் இதில் போட்டு 5 நிமிடம் மெல்ல ஆட்டுங்கள். சாதாரணத் தண்ணீரில் கரைந்து போகிற மெல்லிய சாயல்கள்கூட இதில் தங்கும், அதனால் நல்ல தண்ணீர் உள்ள ஊர்க்காரர்களும் இதைச் செய்வது நல்லது. அதன் பிறகு ஆர்.ஓ. தண்ணீரிலோ பிடித்துவைத்த மழைத் தண்ணீரிலோ மூன்று முறை மாற்றி மாற்றி, ஒவ்வொரு முறையும் 5 நிமிடம். மஞ்சள் முழுக்கப் போய் வெள்ளை வெள்ளையாகத் தெரிந்தால் கழுவியது போதும். குழாயைத் திறந்துவிட்டு மணிக்கணக்கில் ஓடவிட வேண்டியதில்லை, உங்கள் ஊரில் அந்தத் தண்ணீருக்கு வேறு வேலை இருக்கிறது. ஆர்.ஓ. மெஷின் கழித்து வெளியேற்றும் தண்ணீரை மட்டும் எடுத்துவிடாதீர்கள், வீணாகிறதே என்று நினைக்கத் தோன்றும், ஆனால் அதில்தான் உப்பும் காரமும் மொத்தமும் சேர்ந்திருக்கும். போர்வெல் தண்ணீரைக் கொதிக்க வைத்தால் பாத்திரத்தில் படிவு இறங்குமே தவிர, காரம் முழுக்கப் போய்விடாது.

புளித் தண்ணீர் வேண்டாம். அமிலம் இருக்கிறது என்பது உண்மைதான், ஆனால் காகிதம் பழுப்பேறிவிடும், அந்தக் கறை போகாது.

இன்னொன்றும் பாருங்கள். தாளிலேயே காரம் இருக்கலாம். நீண்ட நாள் இருக்க வேண்டும் என்று பல ஓவியத் தாள்களில் கால்சியம் கார்பனேட் சேர்க்கிறார்கள், ஓவியத்துக்கு அது நல்லது, நீல அச்சுக்குக் கெட்டது. தண்ணீரை மாற்றியும் படம் சோகையாக இருந்தால் அடுத்து தாளை மாற்றுங்கள். ஆனால் இரண்டையும் ஒரே நாளில் மாற்றாதீர்கள், எதனால் சரியானது என்று கடைசிவரை தெரியாமலே போகும்.

கேள்வி: போனில் எடுத்த படத்தை இப்படி அச்சிட முடியுமா? ஜெராக்ஸ் கடையில் ஓ.எச்.பி. ஷீட்டில் (ஒளி ஊடுருவும் பிளாஸ்டிக் தாள்) எடுத்துப் பார்த்தேன், முகமெல்லாம் ஒரே நீலமாகிவிட்டது. (வாசகர், ஓசூர்)

முடியும், ஆனால் இந்த இடத்தில்தான் பாதிப் பேர் வெறுத்துப்போய் விட்டுவிடுகிறார்கள், அதனால் பொறுமையாகப் படியுங்கள்.

ஜெராக்ஸ் கடை லேசர் பிரிண்டரின் கறுப்பு, கண்ணுக்குக் கறுப்பாகத் தெரிந்தாலும் வெளிச்சத்தை உள்ளே விடும், நடுநடுவே ஊசித் துளைகளும் இருக்கும். முகம் நீலமானது அதனால்தான். இங்க்ஜெட் பிரிண்டரும் அதற்கென்று விற்கும் இங்க்ஜெட் ஃபிலிமும் இருந்தால் நல்லது. இல்லையென்றால் லேசரிலேயே ஒரே நெகட்டிவை இரண்டு ஷீட் எடுத்து, அச்சு பிசகாமல் ஒன்றின் மேல் ஒன்று வைத்து டேப் போடுங்கள், தற்காலிகமாக வேலை நடக்கும். படத்தைக் கறுப்பு வெள்ளையாக்கி, நிறத்தைத் தலைகீழாக்கி, இடம் வலமாகவும் திருப்பிய பிறகே அச்சிட வேண்டும், மை உள்ள பக்கம் தாளைத் தொட வேண்டும்.

அடுத்தது நேரம். படமே வேண்டாம், முதலில் வெறும் ஃபிலிம் துண்டை மட்டும் பூசிய தாளின் மேல் வைத்து, அட்டையால் மறைத்து மறைத்து 2, 4, 6, 8, 10, 12 நிமிடம் என்று படிப்படியாக வெயில் காட்டுங்கள். கழுவிக் காயவைத்த பிறகு பாருங்கள், ஒரு கட்டத்துக்கு மேல் நீலம் இதற்கு மேல் கருக்காது என்று நின்றிருக்கும். அது நின்ற முதல் கட்டம்தான் உங்கள் நேரம். அதற்குப் பிறகு நேரத்தைத் தொடாதீர்கள், படம் கறுத்தாலும் வெளுத்தாலும் நெகட்டிவைத்தான் மாற்ற வேண்டும். வெள்ளையிலிருந்து கறுப்புவரை பத்துப் பத்து சதவீதமாகக் கட்டங்கள் வரைந்து அதே ஃபிலிமில் எடுத்து அதே நேரத்துக்கு அச்சிட்டால், எந்தக் கட்டங்கள் ஒன்றோடொன்று ஒட்டிப்போயின என்று தெரியும். பெரும்பாலும் கறுப்புப் பக்கத்துக் கட்டங்கள்தான் ஒட்டிப்போயிருக்கும். கம்ப்யூட்டரில் அந்தப் பகுதியில் மட்டும் அடர்த்தி வித்தியாசத்தைக் கூட்டித் திருத்துங்கள். வெயில் ஊருக்கு ஊர், மாதத்துக்கு மாதம் மாறும், உங்கள் அட்சரேகையில் ஏப்ரல் கடைசி வாரத்திலும் ஆகஸ்ட் மூன்றாவது வாரத்திலும் உச்சிச் சூரியன் சரியாகத் தலைக்கு மேல் நிற்கும், டிசம்பரில் நன்றாகச் சாய்ந்திருக்கும். அதனால் எப்போதும் பகலில் ஒரே வேளையில் அச்சிடும் பழக்கம் வையுங்கள், மேகம் வந்த நாளில் சோதனை வேண்டாம்.

ஃபிலிமே இல்லாமலும் ஒரு வழி இருக்கிறது, எனக்கு மிகவும் பிடித்த வழி. சாதாரண மெல்லிய தாளில் நெகட்டிவை அச்சிட்டு, பின்பக்கம் மெழுகுவத்தியைத் தேய்த்து, மேலே ஒரு வெற்றுத் தாளை வைத்து அயர்ன் பாக்ஸால் மிதமான சூட்டில் தேய்த்தால் மெழுகு உள்ளே இறங்கித் தாள் ஒளி ஊடுருவும்படி ஆகிவிடும். நேரம் இரண்டு மூன்று மடங்கு பிடிக்கும், காகித நார் லேசாகப் படத்தில் தெரியும், ஆனால் அந்த மென்மைக்கு ஈடு கிடையாது. மெழுகேற்றிய காகித நெகட்டிவ் உங்கள் ஊருக்குப் புதிதும் இல்லை. 1856ல் சென்னை மாகாண அரசின் போட்டோகிராபராக நியமிக்கப்பட்ட லின்னேயஸ் டிரைப், பெரிய காகித நெகட்டிவ்களோடுதான் தென்னிந்தியா முழுக்கச் சுற்றினார். உங்களுக்குப் பக்கத்தில் இருக்கிற ராயக்கோட்டையை அவர் எடுத்திருக்கிறார், அன்று அது சேலம் மாவட்டம், அந்தப் படத் தொகுப்பு 1858ல் வெளிவந்தது. அந்த மலையில் ஏறி அவர் நின்ற கோணத்தைத் தேடிப் பிடித்து, போனிலேயே எடுத்து, மெழுகுத் தாளில் நெகட்டிவ் செய்து அச்சிட்டுப் பாருங்களேன். செய்தால் எனக்கு ஒரு பிரதி அனுப்ப வேண்டும், இதைக் கெஞ்சியே கேட்கிறேன்.

கேள்வி: கெமிக்கல் கடையில் பொட்டாசியம் ஃபெரிசயனைடு கேட்டதும் கடைக்காரர் என்னை ஒரு மாதிரி பார்த்து, இல்லை என்று அனுப்பிவிட்டார். வீட்டிலும் பயப்படுகிறார்கள். சயனைடு என்று பெயரிலேயே இருக்கிறதே? (கல்லூரி மாணவி, ஊத்தங்கரை)

அதில் சயனைடு இரும்போடு மிக இறுக்கமாகப் பிணைந்திருக்கிறது, அதனால் சயனைடு உப்பு போலக் கொல்லும் விஷம் இல்லை. ஆனால் இரண்டு காரியம் செய்யவே கூடாது. சூடாக்கக் கூடாது, கடுமையான அமிலத்தோடு சேர்க்கக் கூடாது, இரண்டிலும் விஷ வாயு வரலாம். கழிப்பறை கழுவும் ஆசிட் அந்த அறையிலேயே இருக்க வேண்டாம். மேலே சொன்ன நீர்த்த எலுமிச்சை உப்பு பிரச்சினையில்லை. கையுறை போடுங்கள், சமையல் பாத்திரம், ஸ்பூன், டம்ளர் எதையும் இதற்கு எடுத்துவிட்டுத் திரும்ப அடுக்களையில் வைக்காதீர்கள், பாட்டிலில் பெரிய எழுத்தில் பெயர் ஒட்டி உயரமான பூட்டிய அலமாரியில் வையுங்கள். கடையில் தனியாகப் போய்க் கேட்பதைவிட, உங்கள் கல்லூரி வேதியியல் துறை ஆசிரியரிடம் சொல்லி அவர் மூலம் வாங்குவது உங்களுக்கும் நல்லது, கடைக்காரருக்கும் நிம்மதி.

கேள்வி: அரசுப் பள்ளி ஆசிரியர் நான். ஆறாம் வகுப்புப் பிள்ளைகளுக்கு மருந்தே இல்லாமல் ஏதாவது செய்துகாட்ட முடியுமா? (அரூர்)

மஞ்சள் இருக்கும்போது என்ன கவலை, டீச்சர். மஞ்சள்தூளை மருந்துக் கடை ஸ்பிரிட்டில் கலக்கி, தெளிந்ததை வடிகட்டித் தாளில் பூசி நிழலில் காயவையுங்கள். ஸ்பிரிட் வேலையை நீங்களே செய்துவிடுங்கள், பக்கத்தில் நெருப்பு வேண்டாம். காய்ந்த தாளில் வேப்பிலையோ புளிய இலையோ கேழ்வரகுக் கதிரோ வைத்துக் கண்ணாடியால் அழுத்தி வெயிலில் வைத்தால், இரண்டு மூன்று மணி நேரத்தில் வெயில் பட்ட இடம் வெளுத்துவிடும். அப்புறம் வெங்காரத்தை (போராக்ஸ், இதுவும் ஒரு காரம்தான்) தண்ணீரில் கரைத்து நீங்கள் மேலே தெளித்தால், மஞ்சள் மிச்சமிருக்கும் இலை வடிவம் மட்டும் செம்பழுப்பாக மாறும். மஞ்சளும் சுண்ணாம்பும் சேர்ந்தால் சிவக்கும் என்பது பிள்ளைகளுக்கு ஆரத்தித் தட்டிலிருந்தே தெரியும், எனவே காரம், அமிலம் பாடத்தையும் அங்கேயே நடத்திவிடலாம். இந்தப் படம் நிலைக்காது, நோட்டுக்குள் மூடி வைத்தால் கொஞ்ச நாள் இருக்கும்.

கேள்வி: நீலம் அலுத்துவிட்டது, பழுப்பு நிறத்தில் வேண்டும். வான்டைக் செய்யலாமா? கம் பைக்ரோமேட் எப்படி? (வாசகர், காவேரிப்பட்டினம்)

வான்டைக்குக்கு வேண்டிய வெள்ளி மருந்தை வாங்கும் முன் நாட்டு மருந்துக் கடைக்குப் போங்கள். நன்றாகக் கருக்க அச்சிட்ட சயனோடைப் படத்தை, லிட்டருக்கு ஒரு ஸ்பூன் சலவை சோடா கரைத்த தண்ணீரில் போட்டால் நீலம் வெளிர் மஞ்சளாகும். எடுத்து அலசி, கடுக்காய்த் தூளைக் கொதிக்கவைத்து வடிகட்டி ஆறிய கஷாயத்தில் போட்டால் படம் கருமையும் பழுப்புமாகத் திரும்பி வரும். கடுக்காயின் துவர்ப்பும் படத்தில் மிச்சமிருக்கும் இரும்பும் சேர்ந்த நிறம் அது. தாளின் வெள்ளையும் கொஞ்சம் மங்கும், அதை ஏற்றுக்கொள்ளத்தான் வேண்டும்.

அதற்கும் பிறகு வான்டைக் வேண்டும் என்றால் தாராளமாகச் செய்யுங்கள். ஃபெரிக் அம்மோனியம் சிட்ரேட் 9 கிராம், டார்டாரிக் ஆசிட் 1.5 கிராம், வெள்ளி நைட்ரேட் 3.8 கிராம், ஒவ்வொன்றையும் 33 மி.லி. டிஸ்டில்டு வாட்டரில் தனித்தனியாகக் கரைத்து, முதல் இரண்டையும் கலந்து, வெள்ளியைக் கடைசியில் மெல்லக் கிளறிக்கொண்டே சேர்க்க வேண்டும். வெள்ளி நைட்ரேட் கையில் பட்டால் கறுப்பு பல நாள் போகாது, கண்ணில் பட்டால் பார்வையே போகலாம், கண்ணுக்குப் பாதுகாப்புக் கண்ணாடி போடாமல் பாட்டிலைத் திறக்கவே திறக்காதீர்கள். முதல் கழுவலில் எலுமிச்சை உப்பு இங்கும் தேவை, இல்லாவிட்டால் உங்கள் ஊர்த் தண்ணீரில் இரும்புக் கறை தாளில் தங்கும். பிறகு படத்தை நிலைக்கவைக்கும் ஹைப்போ மருந்தில், லிட்டருக்கு 25 கிராம் கரைத்து, 3 நிமிடம், அதன் பிறகு அரை மணி நேரம் நல்ல தண்ணீர். பயன்படுத்திய ஹைப்போவில் வெள்ளி இருக்கும், கிணற்றங்கரையில் கொட்டாமல் கேனில் சேர்த்து வையுங்கள்.

கம் பைக்ரோமேட்டை வீட்டில் செய்யாதீர்கள். படம் ஓவியம் போல அழகாக வரும் என்பது உண்மை. ஆனால் அதற்கு வேண்டிய டைக்ரோமேட் மருந்தில் இருப்பது புற்றுநோய் உண்டாக்கும் குரோமியம், ராணிப்பேட்டையில் அந்தக் கழிவு நிலத்தடி நீரை என்ன செய்தது என்று நாம் பார்த்திருக்கிறோம். கழிவைப் பாதுகாப்பாக எடுத்துக்கொள்ள ஏற்பாடு உள்ள ஆய்வகத்தில், தெரிந்தவர் பக்கத்தில் இருக்கச் செய்யலாம். போர்வெல்லை நம்பி வாழும் ஊரில் கொல்லைப்புறத்தில் செய்ய என்னால் சொல்ல முடியாது.

கேள்வி: தங்கை கல்யாணத்துக்கு ஒரு சயனோடைப் படம் செய்து ஃபிரேம் போட்டுக் கொடுக்க ஆசை. எத்தனை வருடம் இருக்கும்? (வாசகர், மத்தூர்)

அட்கின்ஸ் அச்சிட்டவை இன்றும் நீலமாகவே இருக்கின்றன, அதனால் தாராளமாகக் கொடுங்கள். படத்துக்குப் பின்னால் வைக்கும் அட்டை காரம் சேர்க்காததா என்று ஃபிரேம் கடையில் கேட்டு வாங்குங்கள், பசை தடவி ஒட்ட வேண்டாம். தொடர்ந்து வெயில் படும் சுவரில் மாட்டினால் நீலம் வெளிறும், அப்படி வெளிறினால் கழற்றிச் சில நாள் இருட்டான பீரோவில் வைக்கச் சொல்லுங்கள், பெருமளவு திரும்பி வந்துவிடும். கண்ணாடியைத் துடைக்க சோடா கலந்த எதையும் தெளிக்க வேண்டாம், உலர்ந்த துணி போதும்.